மேபல் மிஸியின் முகத்தில் போட்ட மண்ணிறச் சாரம்

செய்தி வந்த நேரம் நான் குசினியில் சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் செதில். போன் அடித்து ஓய்ந்தது, திரும்பவும் அடித்தது. மேபல் அக்காவின் பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரன். "டீச்சர், மிஸி போயிட்டா. என்ர மனுசி தேத்தண்ணி கொண்டு போனவ, எழும்பேல்லையாம்," என்றார். "ஓம், வாறன்" என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது. ஏனென்று தெரியாது, மிச்ச மீனையும் வெட்டிக் கழுவி, உப்பும் மஞ்சளும் பூசி மூடிவைத்துவிட்டுத்தான் படலையைத் திறந்தேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

மேபல் மிஸியை அறியாதவர்கள் இந்தத் துறைமுகப் பக்கத்தில் குறைவு. தாதிமாரை மிஸி என்று கூப்பிடுவது நம்மூர் வழக்கம். ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் அவர் பெயரை விட்டு அந்த மிஸி போகவில்லை. சந்தைக்குப் போனாலும் மூதூர்ப் படகில் ஏறினாலும் யாராவது சட்டைக் கையைச் சுருட்டிப் புண்ணைக் காட்டுவார்கள். அவரும் பையைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு அவர் தலைவி, நான் செயலாளர். ஒத்துப்போகிற தலைவியும் செயலாளரும் அல்ல. நான் வாழ்நாள் முழுக்கப் படிப்பித்தவள். என் வாய்க்கு ஓய்வு கிடையாது. அவர் குறைவாகப் பேசுவார், பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. எங்கள் சண்டையைக் கேட்பதற்காகவே கூட்டத்துக்கு வந்தவர்கள் உண்டு, அவர்களை எனக்குத் தெரியும்.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் சபையில் ஒருவரை அடக்கம் செய்யும்போது, பெட்டியை மூடுமுன் நெருங்கிய ஒருவர் வெள்ளைத் துணியால் முகத்தை மூடுவார். லேஸ் வைத்து, மூலையில் சிலுவை தைத்த துணி. பெண்கள் ஐக்கியமே அதைத் தைத்து வைத்திருக்கும். மேபல் மிஸியின் முகத்தை மூடியவள் நான். வெள்ளைத் துணிக்கு மேலே ஒரு மண்ணிறச் சாரத்தையும் போட்டேன். ஆண்கள் இடுப்பில் உடுக்கிற சாரம். அன்றிலிருந்து கதை பலவிதம். டீச்சருக்கு மூளை கலங்கிவிட்டது என்பது ஒன்று. மிஸி கடைசிக் காலத்தில் மதம் மாறிவிட்டார் என்பது இன்னொன்று. முதலாவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இரண்டாவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

அவருக்கு வேதத்தில் எல்லாவற்றையும் விடப் பிடித்த இடம், மற்றவர்கள் அவசரமாகப் பக்கம் புரட்டுகிற இடம். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தூக்கிக்கொண்டு திரிந்த ஆசரிப்புக் கூடாரத்தின் மூடல்கள். உள்ளே நீலமும் இரத்தாம்பரமும் சிவப்பும் கலந்து நெய்த மெல்லிய பஞ்சுநூல் திரை. அதற்கு மேலே ஆட்டுமயிர். அதற்கு மேலே சிவப்புச் சாயமிட்ட ஆட்டுக்கடாத் தோல். எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு முரட்டுத் தோல். நீலம் பரலோகம், சிவப்பு கிறிஸ்துவின் இரத்தம், வெள்ளை பரிசுத்தம் என்று நாங்கள் எல்லாரும் சின்ன வயதில் படித்த பாடம்தான். மேபல் அக்கா அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே தொடங்கவும் மாட்டார்.

சபையின் ஆண்டு விழாவுக்கு ஆள் உள்ளே போய் வரக்கூடிய ஒரு கூடாரம் செய்து மண்டபத்தில் வைப்பதென்று முடிவானது. நான் மும்முரமாக நின்றேன். நல்ல நல்ல சேலைகளை இரந்து வாங்கி உள்திரை தைத்தோம். ஆட்டுமயிருக்குச் சாக்கு. சிவப்புத் தோலுக்குச் சாயம் போட்ட படுக்கை விரிப்புகள். வெளி மூடலுக்கு மேபல் அக்கா சல்லிக் கடற்கரைக்குப் போய், கருவாடு காயப்போடுகிறவர்களிடம் ஒரு பழைய தறப்பாளை வாங்கி வந்தார். அதைக் கழுவ விடவும் மாட்டேனென்றார். மண்டபம் முழுக்க நாற்றம். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, ஊரைக் கூப்பிட்டுக் கருவாட்டு மணத்தையா காட்டப் போறியள்? சேலையை வெளியில போடுவம். வாற சனம் வடிவைப் பாக்கட்டும்."

"வடிவு உள்ளுக்குத்தான். அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு."

"அது எனக்கும் தெரியும். வெளித்தோல் எண்டது ஆண்டவரின்ர தாழ்மையான கோலம். பாக்கிறவைக்கு ஒரு வடிவும் தெரியாது. அதைப் பிரசங்கத்தில சொல்லலாம்தானே."

"முதல் அது மழைக்கு, கிறேஸ். பிறகுதான் உம்மட பிரசங்கத்துக்கு."

விழாவுக்கு வந்தவர்கள் அந்த அழுக்குத் தறப்பாளைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். பிரதம விருந்தினர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்குள்ளே என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. மண்டபத்து ஓடு உடைந்து கிடந்தது சபையாருக்குத் தெரியும், ஒருவருக்கும் திருத்த நேரமில்லை. பட்டுச் சேலையோடு வந்த பெண்களெல்லாம் குனிந்து குனிந்து கூடாரத்துக்குள் ஓடினார்கள். விருந்தினரும் ஓடினார். உள்ளே குத்துவிளக்கு வெளிச்சத்தில் நீலமும் சிவப்பும் மின்ன, எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நனையாமல் நின்றார்கள். மேபல் அக்கா என்னிடம் ஒரு கோப்பை பிளேன்டியை மட்டும் நீட்டினார். அது எனக்கு இன்னும் கோபம்தான்.

விடுவேனா? அடுத்த வெள்ளிக்கிழமை அவர் எடுக்கிற வேதபாடத்தில் பிடித்தேன். சிலுவையில் ஆண்டவர் ஜீவனை விட்ட நேரம் தேவாலயத்துத் திரை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. இனி நமக்கும் கடவுளுக்கும் நடுவே மூடல் என்று ஒன்றுமில்லை. பிறகெதற்கு இந்தத் தோலையும் துணியையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்டேன். பெண்கள் தலையை ஆட்டினார்கள். மேபல் அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "கிழிஞ்சது வாசல் திரை, கிறேஸ். கூரையை ஒருத்தரும் கிழிக்கேல்லை," என்றார்.

இனிச் சொல்லப் போவது சுகமான கதையில்லை.

அவருடைய கணவர் முன்பே போய்விட்டார். மகள் ஷாமினி வெளிநாட்டில். மகன் ரஞ்சன் கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போனான். திரும்பி வந்தது பெட்டியில். உயரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்றார்கள், அதற்கு மேல் விபரமில்லை. பெட்டி முத்திரை வைத்து வந்தது. திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் வண்டியில் கொண்டுவந்து வீட்டு விறாந்தையில் வைத்தபோது, மேபல் அக்கா அதன் மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்து, "திறவுங்கோ," என்றார்.

ஒருவரும் அசையவில்லை. ரஞ்சனின் சித்தப்பா வேண்டாமென்றார். வந்திருந்த பெரியவர்களும் வேண்டாமென்றார்கள். "நான் பாக்காத பிரேதமா? என்ர பிள்ளையை எனக்குப் பாக்கேலும்," என்றார் மேபல் அக்கா. அப்போதுதான் அந்த நாளில் எங்களுக்கு இருந்த போதகர் முன்னுக்கு வந்தார். இளம்பிள்ளை, கெட்ட மனமில்லாதவர். ஆறுதல் சொல்வதாக நினைத்து, மேபல் அக்காவின் பாடத்தையே எடுத்து அவருக்கே சொன்னார். "அக்கா, நீங்களே படிப்பிச்சதுதானே. கூடாரத்தைப் பிடுங்கிப் பாளையம் பெயரும்போது பரிசுத்தமான பொருளெல்லாம் மூடித்தான் வரும். தூக்கிற லேவியர் திறந்து பார்க்கக் கூடாது. விசுவாசத்தோட தூக்குங்கோ."

அப்படி ஒரு பிழையை எங்கள் சபையைத் தவிர வேறெங்கும் விட்டிருக்க மாட்டார்கள். வேறு என்ன சொல்லித் தடுத்திருந்தாலும் அந்தப் பெட்டி திறந்திருக்கும். தன் வாயிலிருந்து வந்த சொல்லே திரும்பி வந்தபோது மேபல் அக்காவுக்கு எதிர்த்துப் பேச ஏலாமல் போய்விட்டது. கையை மூடியிலிருந்து எடுத்தார். சேமக்காலையில் மண் போடும்போதும் அழவில்லை. நான் பக்கத்தில் நின்றேன்.

அதற்குப் பிறகு அவர் வேதபாடம் எடுக்கவில்லை. கூட்டத்துக்கு வருவார், கடைசி வரிசை வாங்கில் இருப்பார், போவார். நான் வாய்க்கு வந்ததைப் படிப்பித்தேன். சண்டை பிடிக்க ஆளில்லாத பாடம் எனக்கே அலுத்தது. ஒருநாள் பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்து வேலிக்கு வெளியே, எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரிகிற மான்களில் இரண்டு நின்றன. அவர் கதிரையில் இருந்து அவற்றைப் பார்த்தபடி, நான் கேட்காமலே சொன்னார்.

"போதகர் பாதியைத்தான் சொன்னவர், கிறேஸ். தூக்கினவை பாக்கேல்லைத்தான். ஆனா அதுக்கு முதல் ஆசாரியர் உள்ளுக்குப் போறவர். ஒவ்வொரு சாமானா எடுத்துப் பாத்து, இதுக்கு இந்தத் துணி, அதுக்கு அந்தத் தோல் எண்டு தன்ர கையால மூடுறவர். அதுக்குப் பிறகுதான் தூக்கிறவையைக் கூப்பிடுறது. ஆர் மூடினது எண்டு தெரிஞ்சதாலதான் அவையள் பாக்காமல் தூக்கினவை."

நான் என் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"வார்டில எத்தினை பேரின்ர முகத்தை மூடினனான். குண்டு பட்டதுகள், கடல் எடுத்ததுகள். எல்லாத்தையும் பாத்துத்தான் மூடினனான். கண்ணை மூடி, வாயைக் கட்டி, தலையை நேராக்கி. என்ர பிள்ளையின்ர முகத்தை மூடினது ஆர்? ஒருத்தன் பாத்து மூடினவனா, இல்லாட்டி அப்பிடியே பெட்டிக்குள்ள தள்ளினவங்களா? அது தெரிஞ்சால் எனக்குக் காணும்."

அதைத்தான் அவர் பிறகும் பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம், பரமேஸ்வரனிடம், போனில் ஷாமினியிடம். கட்டாரிலிருந்து யார் லீவில் வந்தாலும் தேடிப்போய்க் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. கடவுளிடமும் கேட்டிருப்பார். நாங்கள் எல்லாரும் காலம் போனால் ஆறும் என்றோம். அது ஆறவில்லை. அவர் மெலிந்துகொண்டே போனார்.

பிறகொருநாள் நியாஸ் வந்தார். நானும் அங்கே இருந்தேன். படலையடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு, தொப்பியைக் கழற்றுவதா போடுவதா என்று தெரியாதவர்போல ஒரு ஆள் நின்றார். நடுத்தர வயது, வெயிலில் கறுத்த முகம்.

"மேபல் மிஸிட வீடா? நான் குறிஞ்சாக்கேணி ஆள். நியாஸ். ரஞ்சனும் நானும் ஒரே அறையிலதான் இருந்த. கொன்ட்ராக்ட் முடியாம வர விடல்ல மிஸியம்மா. ஊருக்கு வந்த உடன இங்க வந்திட்டன்."

மேபல் அக்கா கதிரையைக் காட்டினார். அவர் விளிம்பில் இருந்தார். கம்பெனியில் ஒருவரைப் பிரேத அறைக்குப் போய் அடையாளம் காட்டச் சொன்னதாகவும், தானே போனதாகவும் சொன்னார். போட்டு அனுப்ப உடுப்பும் கொண்டுவரச் சொன்னார்களாம். ரஞ்சனின் நல்ல சேர்ட்டையும் காற்சட்டையையும் எடுத்துப் பையில் வைத்தாராம்.

"முகம்?" என்றார் மேபல் அக்கா.

"முகத்துக்கு ஒண்டும் ஆகல்ல மிஸியம்மா. நெத்தியில ஒரு கீறல். அவ்வளவுதான்."

மேபல் அக்கா கண்ணை மூடித் திறந்தார். "அப்ப திறந்திருக்கலாம்," என்றார் என்னைப் பார்த்து. அந்தப் பார்வை என்மேல் கோபமில்லை. அது வெறும் துக்கம். அதைத் தாங்க எனக்கு ஏலாமல் இருந்தது.

"முகம் துறந்தபடி கிடந்திச்சி. குளிர் அறை. பாத்துக்கிட்டுப் போக மனசு வரல்ல. உங்கட ஆக்கள் வெள்ளை போடுவீங்க எண்டு தெரியும். வெள்ளை என்னட்ட இருக்கல்ல. வூட்டுக்காரி அனுப்பின புதுச் சாரம் ஒண்டு பைக்குள்ள கிடந்த. உடுக்கல்ல, மடிப்புக்கூட ஒடைக்கல்ல. அங்க நிண்டவனிட்டக் கேட்டுப்போட்டு அதாலதான் மூடினன். பெட்டி அடைக்கக்கொள்ளயும் அத எடுக்க வேணாம் எண்டு சொல்லிட்டுத்தான் வந்த."

"கண்?"

நியாஸ் தலையைக் குனிந்தார். "துறந்திருந்திச்சி. நான்தான் கைய வெச்சி மூடினன். முதல்ல மூடல்ல. கொஞ்ச நேரம் புடிச்சிக்கிட்டு நிண்டன்."

"ஓம். உடனே எடுத்தால் திரும்பத் திறக்கும். பிடிச்சுக்கொண்டுதான் நிக்க வேணும்," என்றார் மேபல் அக்கா, வார்டில் சொல்வதுபோல. பிறகு, "எந்தக் கை?" என்றார். நியாஸ் வலது கையைக் காட்டினார். அந்தக் கையை அவர் தொடவில்லை, பார்த்தார். "சாரம் என்ன நிறம்?"

"மண்ணிறம் மிஸியம்மா. கறுப்புக் கோடு போட்டது."

அவர் எழும்பிக் குசினிக்குள் போனார். தேத்தண்ணி ஊற்றப் போனார் என்று நினைத்தோம். உள்ளேயிருந்து அவருடைய அழுகை கேட்டது. பெட்டி வந்த நாளிலிருந்து அழாத அழுகை. நியாஸ் எழும்பி நின்றார், போவதா இருப்பதா என்று என்னைப் பார்த்தார். "இருங்கோ தம்பி, அவ வருவா," என்றேன். வந்தார். தேத்தண்ணியும் கொண்டுவந்தார். சீனி போட மறந்திருந்தார். நியாஸ் அதை அப்படியே குடித்து முடித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மேபல் அக்கா முன்வாங்குக்கு வந்து பாடம் எடுத்தார். அதே மூடல்கள். நிறங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "மூடுறது மறைக்கிறதுக்கெண்டு நினைக்காதேயுங்கோ. பாத்தவர்தான் மூடுறவர். ஆண்டவர் எங்களையும் பாத்துப்போட்டுத்தான் மூடுறார்," என்றார். அன்று நான் எதிர்த்து ஒன்றும் கேட்கவில்லை. பெண்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்.

நியாஸ் இடைக்கிடை கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வந்து போவார். அவருடைய மனைவி நோன்பு காலத்தில் கஞ்சி கொடுத்துவிடுவார். மேபல் அக்கா நோய் முற்றிப் படுக்கையில் விழுந்த பிறகு நியாஸிடம் ஒரு சாமான் கேட்டு வாங்கினார். அதே மாதிரி ஒரு சாரம். மண்ணிறம், கறுப்புக் கோடு. அதை அலுமாரியில் வைக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

"என்ர முகத்தை நீர்தான் மூடவேணும், கிறேஸ். பாத்திட்டு மூடும். அவசரப்படாதேயும்."

"சரி அக்கா."

"அந்த நேரம் போன் பிடிக்க விடாதேயும். வெள்ளையும் போடும், நீங்கள் தைச்சது பாவம். இதையும் போடும்."

"சாரத்தையோ? பொம்பிளையின்ர முகத்தில? சனம் என்ன கதைக்கும்?"

"என்ர பிள்ளை இதுக்குள்ளதான் கிடக்கிறான். தாய்க்கு மட்டும் லேஸோ?"

தலையாட்டினேன். எது உள்ளே, எது வெளியே என்று கேட்கத் தோன்றவில்லை. பிறகு கேட்க நாளில்லை.

அடக்க நாளில் வீட்டு வாசலில் கட்டிய குருத்தோலைத் தோரணத்தை மான்கள் வந்து தின்றுகொண்டிருந்தன, ஒருவரும் துரத்தவில்லை. ஷாமினிக்கு விசா அலுவல் முடியாததால் வரக் கிடைக்கவில்லை. ஒரு சொந்தக்காரர் போனைப் பிடித்து அவளுக்கு எல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். ஆலயத்தில் ஜெபம் முடிந்து, முகம் மூடும் நேரம் வந்தது. நான் போனை இறக்கச் சொன்னேன். அவர் முறைத்தார், இறக்கினார். பையிலிருந்து சாரத்தை எடுத்தபோது பக்கத்தில் நின்றவர்களுக்கு முகம் மாறியது. ரஞ்சனின் அதே சித்தப்பா என் கையைப் பிடித்தார்.

"டீச்சர், என்ன வேலை இது? கோயிலுக்குள்ள சாரமோ?"

"அவவின்ர விருப்பம்."

இப்போதைய போதகர் சமாதானமானவர். என் காதருகே குனிந்து, "அப்படியானால் சாரத்தை முதல் போட்டுவிட்டு, மேலே வெள்ளையைப் போடுங்கள் டீச்சர். ஒருவருக்கும் தெரியாது. அவருடைய ஆசையும் நிறைவேறும்," என்றார்.

நல்ல யோசனைதான். நானே என் மனதில் அதைத்தான் வைத்திருந்தேன். மரியாதையான வெள்ளை வெளியே, மற்றது உள்ளே. ஊருக்கும் சுகம், எனக்கும் சுகம். சாரத்தை விரிக்கக் கையெடுத்தேன். அப்போது எனக்குச் சல்லித் தறப்பாளின் நாற்றம் நினைவுக்கு வந்தது. வடிவு உள்ளுக்குத்தான், அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு. அவ்வளவு சண்டைக்குப் பிறகு, அவர் பேச ஏலாமல் கிடக்கும் நேரம் பார்த்து, சேலையை வெளியே போட்டு நான் வெல்வதா?

சாரத்தைப் போதகரின் கையில் கொடுத்தேன். முதலில் அவரைப் பார்த்தேன். அவசரப்படவில்லை. சனம் இருமியது, கதிரைகள் அசைந்தன, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இடது புருவத்தில் மயிர் முளைக்காத ஒரு சிறு இடம். இத்தனை வருடம் சண்டை பிடித்தும் நான் கவனிக்காத இடம். பிறகு வெள்ளைத் துணியைப் போட்டேன். அதற்கு மேல் சாரத்தை வாங்கி விரித்து, கழுத்துவரை இழுத்து, ஓரங்களைச் செருகினேன். மண்ணிறமும் கறுப்புக் கோடும் எல்லாருக்கும் தெரிந்தது. முணுமுணுப்பு வாங்கு வாங்காகப் பின்னால் போனது. அது போன திசையில் பார்த்தேன். ஆலய வாசலுக்கு வெளியே, மழையில், நியாஸ் நின்றார். உள்ளே வரவில்லை. ஆனால் அவர் கண்டுவிட்டார். வலது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெட்டியைத் தூக்க ஆட்களைக் கூப்பிடலாம் என்று நான் போதகருக்குத் தலையசைத்தேன்.

ரஞ்சனுக்குப் பக்கத்திலேயே வைத்தோம். வீட்டுக்கு வந்து கால் கழுவுவதற்குள் ஷாமினி கூப்பிட்டாள். போனை இறக்கிய நேரத்தில் என்ன நடந்தது என்று யாரும் அவளுக்குச் சரியாகச் சொல்லவில்லை. அவளுடைய குரலில் எனக்கு நன்றாகப் பழகிய கேள்வி இருந்தது.

"அன்ரி, அம்மான்ர முகத்தை ஆர் மூடினது?"

"நான்தான் பிள்ளை."

"பாத்தனீங்களோ?"

"வடிவாப் பாத்தனான். செய்தி கேட்டு அம்மாவிட்டைப் போன நேரம் ஒரு கண் சரியா மூடாமல் கிடந்தது. கையை வைச்சுக் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். பிறகு மூடிட்டுது."

அவள் அழத் தொடங்கினாள். நான் போனை வைக்கவில்லை. அவள் அழுது முடியும்வரை காதில் பிடித்துக்கொண்டு இருந்தேன். தாய்க்குக் கிடைக்காத மறுமொழி மகளுக்கு அன்றைக்கே கிடைத்தது என்பதைத் தவிர அந்த நாளில் எனக்கு வேறு ஆறுதல் இல்லை.

மேபல் மிஸியின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. வீட்டுச் சாமான்களைச் சொந்தக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கூடாரத்துத் தறப்பாள் எப்போதோ உக்கிப்போனது. வெள்ளிக்கிழமைகளில் முன்வாங்கில் இப்போது நான்தான் நிற்கிறேன், எதிர்த்துப் பேச ஒருவருமில்லாமல். என்னிடம் இருப்பது, மூடுமுன் நான் பார்த்த அந்த முகம் மட்டும்தான். இடது புருவத்து வெற்றிடம், ஒரு பக்கம் இலேசாக இறங்கிய உதடு, கடைசியில் மூடிய கண். யாராவது எப்போதாவது கேட்டால் சொல்வதற்கு அதை வைத்திருக்கிறேன்.